பரண் இல்லாத வீட்டில் மேரி கோண்டோ

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது, சொல்லட்டுமா?

ஒரு ட்ரங்க் பெட்டி. ஒரு பெரிய சூட்கேஸ், அதற்குள் ஒரு சின்ன சூட்கேஸ். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து, இன்னும் டேப் பிரிக்காத டின்னர் செட். ரிப்பேரான மிக்ஸி, அதன் மூன்று ஜார். 2019 கோடையில் தண்ணீருக்கு அலைந்தபோது வாங்கிய நாலு பிளாஸ்டிக் குடம். ஜோடி இல்லாத ஒரு செருப்பு.

நான் ஜோசியக்காரன் இல்லை. அம்பத்தூரில் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் செருப்பு மட்டும் வேறு கலராக இருக்கலாம்.

அப்படி டார்ச் அடித்துப் பார்த்து மனசு வெறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், ஆபீஸ் தோழி ஒருவர் கொடுத்து ஆறு மாதமாகத் திறக்காமலே வைத்திருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தேன். மேரி கோண்டோ எழுதிய 'தி லைஃப் சேஞ்சிங் மேஜிக் ஆஃப் டைடியிங் அப்'. ஜப்பானில் சக்கைப்போடு போட்டு, 2014-ல் ஆங்கிலத்துக்கு வந்த புத்தகம். 2019 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸில் தொடராகவும் வந்து, அமெரிக்க வீடுகளில் துணிகளைக் குவித்து வைத்து ஆளாளுக்குக் கண்கலங்கினார்கள். நீங்களும் பார்த்திருக்கலாம்.

கோண்டோவின் வழி எளிமையானது. அறை அறையாகச் சுத்தம் செய்யக் கூடாது, வகை வகையாகச் செய்ய வேண்டும். முதலில் துணி, அப்புறம் புத்தகம், அப்புறம் காகிதம், அப்புறம் தட்டுமுட்டுச் சாமான்கள், கடைசியில் நினைவுப் பொருட்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது எனக்குச் சந்தோஷம் தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தந்தால் வைத்துக்கொள். தராவிட்டால் அதற்கு ஒரு நன்றி சொல்லி அனுப்பிவிடு.

சிரிக்காதீர்கள். துணி விஷயத்தில் இந்த அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. என்னிடம் இருந்த சட்டைகளை எல்லாம் கட்டில் மேல் கொட்டினேன். மொத்தம் 41. அதில் 19 சட்டை, இளைத்ததும் போட்டுக்கொள்வதற்காக வைத்திருந்தவை. பத்து வருஷமாக இளைக்கப் போகிறேன். 19-க்கும் நன்றி சொன்னேன், மனைவி பார்க்காத நேரத்தில். மிச்சத்தை அவர் சொன்னபடி மடித்து, புத்தகம் மாதிரி நிற்க வைத்தேன். பீரோவில் ஒரு தட்டு முழுசாகக் காலியானது. அது நிஜமாகவே மேஜிக்தான்.

இன்னொரு இடமும் பிடித்தது. சாமான் வந்த காலி அட்டைப் பெட்டிகளை வைத்திருப்பவர்கள், நீங்கள் கொடுக்கிற வாடகையில் அந்தப் பெட்டிக்கும் ஒரு பங்கு போகிறது என்று யோசியுங்கள் என்கிறார். பி.காம். படித்தவனுக்கு இது போதாதா? உடனே கால்குலேட்டரை எடுத்தேன். எங்கள் பிளாக்கில் என் வீட்டு அளவுக்கு மாசம் 15,000 ரூபாய் வாடகை. உள்ளே புழங்குகிற இடம் 570 சதுர அடி. ஆக சதுர அடிக்கு 26 ரூபாய். வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டி நாலு சதுர அடியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வருஷத்துக்குச் சுமார் 1,260 ரூபாய். நாலு வருஷமாக ஒரு காலி டப்பாவுக்கு வாடகை கட்டியிருக்கிறேன்!

இதுவரை கோண்டோ கட்சிதான் நான். தகராறு காகிதத்தில் ஆரம்பித்தது.

காகிதம் என்றால் பொதுவாக எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்பது அவர் விதி. விதிவிலக்கு உண்டு: இப்போது பயன்படுத்துவது, கொஞ்ச காலத்துக்குத் தேவைப்படுவது, எப்போதுமே வைத்திருக்க வேண்டியது. இந்த மூன்று போக மற்றதெல்லாம் குப்பை. ஜப்பானில் அந்த மூன்றாவது வகை ஒரு ஃபைலுக்குள் அடங்கலாம். இங்கே? வீட்டின் தாய்ப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வீட்டு வரி ரசீது, தண்ணீர் வரி ரசீது, ஈ.பி. கார்டு, ஜாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் பென்ஷன் புத்தகம், எல்லாவற்றிலும் இன்ஷியல் ஒரே மாதிரி இல்லை என்பதற்காக வாங்கிய அஃபிடவிட். ஏதோ ஒரு கவுண்டரில் ஏதோ ஒரு நாள், "1994-ல கட்டின ரசீது இருக்கா?" என்று கேட்பார்கள். இருந்தால் பத்து நிமிஷ வேலை. இல்லாவிட்டால் பத்து மாச அலைச்சல். நமக்கு எப்போதுமே வைத்திருக்க வேண்டியது என்பதுதான் பெரிய குவியல்.

குடமும் அப்படித்தானே? அந்த நாலு குடமும் எனக்கு எந்தச் சந்தோஷமும் தரவில்லை. பார்த்தாலே எரிச்சல் வருகிறது. 2019 ஜூனில் ராத்திரி ரெண்டு மணிக்கு லாரியைத் துரத்திய ஞாபகம் வருகிறது. அதனாலேயே தூக்கிப் போட முடியவில்லை. கோண்டோவின் கேள்வி, வேண்டும்போது கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், ஆபீஸில் நம் காகிதம் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கான கேள்வி. நம் வீட்டில் பாதிப் பொருள் சந்தோஷத்துக்காக இல்லை. பயத்துக்காக இருக்கிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருந்தால் தப்பித்திருப்பேன். மூடவில்லை. அம்மா திருநின்றவூரில் தங்கை வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தாள். அம்மாவின் சாமான்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது அப்பா போன பிறகு: ஒரு ட்ரங்க் பெட்டி, ரெண்டு எவர்சில்வர் அண்டா, பெரிய மரப்பெட்டி நிறைய கொலு பொம்மை, மூன்று மஞ்சப்பை நிறையக் காகிதம். மஞ்சப்பைகளைத் திறந்தேன். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகைகள், பழைய காலண்டர், மூலை மடங்கிய நோட்டுகள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். சந்தோஷம் வரவில்லை. பழைய பேப்பர் கடைக்காரர் கிலோ பன்னிரண்டு ரூபாய் கொடுத்தார். மொத்தம் எட்டு கிலோ. 96 ரூபாய்.

அம்மா திரும்பி வந்து மூன்றாம் நாள்தான் கேட்டாள். "அந்த நோட்டு எங்கப்பா?"

எந்த நோட்டு? கணக்கு நோட்டு. 1984-லிருந்து எழுதியது. அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் சம்பளம் வாங்கி வந்த ஒவ்வொரு மாதமும் பால் எவ்வளவு, பேப்பர் எவ்வளவு, எனக்கு ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, யாரிடம் கைமாற்று வாங்கி எப்போது திருப்பிக் கொடுத்தது என்று வரி வரியாக. எனக்கு டெபிட், கிரெடிட் என்றால் என்ன என்று காலேஜில் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னாலேயே அந்த நோட்டில் இடது பக்கம் வரவும் வலது பக்கம் செலவும் பார்த்திருக்கிறேன். பேப்பர் கடைக்கு ஓடினேன். லோடு போய்விட்டது.

அம்மா சத்தம் போடவில்லை. "பரவால்ல, அதை வெச்சு என்ன பண்ணப் போறேன்" என்றாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

கோண்டோ மீது பழி போட முடியாது. குடும்பத்தில் மற்றவர்கள் சாமானை அவர்களுக்குத் தெரியாமல் தூக்கிப் போடாதே என்று தெளிவாக எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது தானே அப்படிச் செய்து மாட்டிக்கொண்டதையும் ஒளிக்காமல் சொல்கிறார். புத்தகத்திலேயே உருப்படியான பக்கங்கள் அவைதான். அவசரத்தில் தாண்டிப் போனவன் நான். வீடு சின்னதாக இருந்தால் ஒருவர் சாமான் இன்னொருவர் காலில்தான் இடறும். யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் எரிச்சல் வந்துவிடுகிறது.

ஆனால் ஒரு விஷயத்துக்கு அவரைப் பிடித்துக் கேட்டே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் இடம் இருக்கிறது, சாமான்தான் அதிகம், புதுசாக அலமாரி, டப்பா எதுவும் வாங்காதே என்கிறார். எந்த வீட்டில் இருக்கிறது இடம்? ஜப்பானிய வீடுகளில் 'ஒஷியிரே' என்று ஒன்று உண்டு. சுவரோடு சேர்ந்த ஆழமான அலமாரி, தள்ளுகதவு போட்டிருக்கும். சாதாரணமாக ஆறடி அகலம், மூன்றடி ஆழம். காலையில் எழுந்ததும் மெத்தையை மடித்து அதற்குள் தள்ளிவிடுவார்கள். படுக்கை அறை கூடமாகிவிடும். அதாவது வீட்டைக் கட்டும்போதே, மனுஷன் இருந்தால் அவனுக்கு மூட்டை முடிச்சும் இருக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த அலமாரியின் மேல் நின்றுகொண்டுதான் கோண்டோ பேசுகிறார். அவருக்கு அது சுவர் மாதிரி, தரை மாதிரி சகஜம்.

நமக்கும் ஒரு காலத்தில் சகஜமாகத்தான் இருந்தது. பரண், உறி, விளக்கு மாடம், துணி போடும் கொடி, நெல்லுக்குக் குதிர், பாயைச் சுருட்டி நிறுத்த ஒரு மூலை. நான் வளர்ந்த ஆவடி குவார்ட்டர்ஸ் வீடு பெரிய வீடெல்லாம் இல்லை. ஆனால் ரெண்டு ரூமிலும் ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் லாஃப்ட் இருந்தது. சமையலறையில் மூன்று வரிசை கடப்பா கல் ஷெல்ஃப் இருந்தது. கொலு பொம்மைகள் வருஷத்தில் 356 நாள் அந்த லாஃப்ட்டில் பழைய வேஷ்டித் துணிக்குள் தூங்கும். நவராத்திரிக்கு அப்பா ஸ்டூல் போட்டு ஏறுவார், நான் கீழே நின்று வாங்குவேன். அம்மா வாசலிலிருந்தே "செட்டியார் பத்திரம்" என்பாள்.

இன்றைக்கு அம்பத்தூரிலோ பூந்தமல்லி பைபாஸ் பக்கமோ ஃபிளாட் பார்க்கப் போங்கள். சாம்பிள் ஃபிளாட்டில் எல்லாம் இருக்கும், லாஃப்ட் இருக்காது. கேட்டால், "இப்பல்லாம் யாரும் போடறதில்ல சார், லுக் போயிடும்" என்பார்கள். நான் 2012-ல் வாங்கியபோது எனக்கும் அதே பதில்தான். பிரோஷரில் 780 சதுர அடி. டேப் வைத்து உள்ளே அளந்தால் 570. மிச்சம் மாடிப்படியிலும் லிஃப்ட்டிலும் என் பங்காம். இந்த வித்தைக்கு 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் கடிவாளம் போட்டது. கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: வெளிச்சுவர், பால்கனி எல்லாம் நீங்கலாக, உள்சுவர் சேர்த்து, புழங்குகிற தரை. நல்ல காரியம். ஆனால் அந்தக் கணக்கும் தரைக் கணக்குதான். பரணைப் பற்றிப் பேச்சே இல்லை.

வீட்டை விற்பது சதுர அடியில், சாமான் அடைப்பதோ கன அடியில். என் வீடு 570 சதுர அடி, உயரம் பத்தடி. மொத்தம் 5,700 கன அடி. என் கை எட்டுவது ஏழடி வரை. அதற்கு மேல் உள்ள மூன்றடியில் 1,710 கன அடி, வீட்டில் முப்பது சதவீதம், ஃபேன் சுற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் கிடக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் வங்கிக்கு வட்டி கட்டுகிறேன். பக்கத்து ஃபிளாட்காரர் கூடுதலாகச் செலவழித்து அந்த இடத்தை ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியே விட்டார். காசு கொடுத்து வாங்கிய இடத்தை மறுபடி காசு கொடுத்து மூடுவது... சரி, அவர் வீடு, அவர் இஷ்டம்.

லாஃப்ட் என்றால் தூசும் கரப்பானும் மட்டும் என்று நினைப்பவர்கள் 2015 டிசம்பரில் எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். கொரட்டூரில் சித்தி வீடு தரைத்தளம். இடுப்பளவு தண்ணீர். மெத்தை, பீரோ, ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் போச்சு. தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போனால் லாஃப்ட்டில் இருந்தவை மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன: சர்டிஃபிகேட் ஃபைல், கல்யாண ஆல்பம், வெங்கலப் பானை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சித்தி முன்கூட்டியே ஸ்டூல் போட்டு ஏறிவிட்டாள். லாஃப்ட் இல்லாத புது ஃபிளாட்டின் தரைத்தளத்தில் இருப்பவர்கள் எதன் மேல் ஏறுவது?

ஜப்பான்காரர் சொல்லித்தான் அடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அது எங்கள் ஏரியாவுக்கு எப்போதோ வந்துவிட்டது. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதலாவதாக. அதை ஒட்டிய வருஷங்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன லேத் பட்டறையில்கூட 'ஃபைவ் எஸ்' போர்டு தொங்க ஆரம்பித்தது. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைப் பிரி, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, சுத்தம் செய், அதை முறையாக்கு, பழக்கமாக்கு. ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஸ்பேனரின் உருவத்தையே பெயின்ட்டில் வரைந்திருப்பார்கள். ஒன்று குறைந்தால் சுவர் காட்டிக்கொடுக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது ரெட் டேக். வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் உள்ள பொருளைத் தூக்கி எறிய மாட்டார்கள். சிவப்பு அட்டை கட்டி, தேதி போட்டு, அதற்கென்று உள்ள இடத்தில் வைப்பார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் யாராவது தேடி வந்தால் அவர்களுக்கு. வராவிட்டால் எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள். சந்தோஷமா என்று ஒற்றை ஆள் தன் மனசைக் கேட்டு முடிவு செய்வதைவிட, நாலு பேர் புழங்கும் வீட்டுக்கு இது நியாயமான ஏற்பாடு. மஞ்சப்பைகளுக்கு நான் சிவப்பு அட்டை கட்டியிருந்தால் நோட்டு இன்றைக்கு இருந்திருக்கும்.

எங்கள் தெருவில் ஒருவர் எஸ்டேட்டில் சி.என்.சி. ஆபரேட்டர். இருபது வருஷமாக ஃபைவ் எஸ் பார்த்தவர். ஒற்றை ரூம் போர்ஷனில் மனைவி, ரெண்டு பெண்களோடு இருக்கிறார். இதையெல்லாம் வீட்டிலும் செய்வீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "கம்பெனில ரெட் டேக் போட்டா தனி ஏரியாவுக்குப் போகும் சார். என் வீட்ல தனி ஏரியா எங்க இருக்கு? டேக்க கட்டி அதே கட்டிலுக்கு அடியிலதான் தள்ளணும்."

கோண்டோவையே பாருங்கள். மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை முன்போல ஒழுங்காக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டேன் என்று அவர் சொன்னதாக 2023 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்தது. உலகமே கிண்டல் செய்தது. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. அந்தப் புத்தகத்தை எழுதியபோது அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. மூன்று குழந்தைகளுக்குப் பிறகு, கூட ஒரு மாமியாரையும் வைத்துக்கொண்டு, 570 சதுர அடியில் உட்கார்ந்து இன்னொரு புத்தகம் எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

புத்தகத்தை வாங்கலாமா என்றால், துணி மடிப்பதற்காக வாங்கலாம். மடிப்பு வரைக்கும் படித்துவிட்டு, குடும்பத்தைப் பற்றிய பக்கங்களுக்குத் தாவுங்கள். காகிதம் பற்றிய பகுதியை நம் ஊர் தாலுகா ஆபீசுக்கு ஒரு தடவை போய்விட்டு வந்து படிக்கவும். புது ஃபிளாட் புக் செய்யப் போகிறவர்கள் புத்தகத்தை விட்டுவிட்டு, பில்டரிடம் லாஃப்ட் எங்கே என்று கேளுங்கள். லிண்டல் போடும்போதே சேர்த்துக் கான்கிரீட் போட்டால் அவருக்குப் பெரிய செலவில்லை. அப்புறம் போட்டால் நமக்குப் பெரிய செலவு.

எவ்வளவு பெரிய செலவு என்று போன வாரம் தெரிந்தது. மேஸ்திரி வந்து பெட்ரூம் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நாலரை இஞ்ச் சுவரு சார். இதை வெட்டி கடப்பா கல்லைச் சொருகினா தாங்காது. எல் ஆங்கிள்ல ஃப்ரேம் வெல்டிங் பண்ணி, மேல பிளைவுட் போட்டுக்கலாம்." கூலியும் இரும்பும் சேர்த்து அவர் சொன்ன தொகையைக் கேட்டு மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அம்மா அதற்குள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, கொலு பொம்மைப் பெட்டியை அளந்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரை, உயரம் ரெண்டு. அளவைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு கேட்டாள். என் பெண்ணின் ரஃப் நோட்டைக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் தேதி போட்டு, இடது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, வலது பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: மேஸ்திரி அட்வான்ஸ், 2,000.